எடித் குடித்த ஒரு மிடறு

அத்தியாயம் பதினொன்று

மடுமாதா அறிய, பேசாலைக் கோயில் மணி அறிய, இந்தத் தொடரில் இதுவரை வந்த சொல்லும் இனி வரப்போகிற சொல்லும் முழு உண்மை. ஒரு எழுத்தும் கூட்டவில்லை. போன கிழமை அத்தியாயத்தைப் படித்துவிட்டு முருங்கனிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். பாலசிங்கத்தாரின் மகன் தண்ணிப் பம்பை முடுக்கியபோது கரையில் நின்ற வள்ளங்கள் இரண்டு அங்குலம் கீழே இறங்கின என்று எழுதியது பொய் என்கிறார். அவர் சொல்வது சரி. இறங்கியது இரண்டரை அங்குலம். பத்திரிகைப் பக்கத்தில் இடம் போதாமல் அரை அங்குலம் விடுபட்டுப் போனது.

நடந்ததற்கு வருவோம்.

பேசாலையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் யாகப்பரின் வீடு. முப்பது வருடம் கடலுக்குப் போன மனிதர், பதினொரு வருடத்தில் ஒவ்வொரு அறையாகக் கட்டி முடித்த வீடு. மகள் ஜெயனிக்கென்று கட்டியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான்.

அதை விற்கத் துணிந்ததற்கு ஒரே காரணம், மனைவி எடித். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் விடியுமுன் பஸ் ஏறி, வவுனியாவுக்குப் போய், நாலு மணித்தியாலம் மெசினோடு கிடந்து, இரத்தம் சுத்தமாகி, பொழுதுபடத் திரும்ப வேண்டும். போகிற எடித்தில் பாதிதான் திரும்பி வருவாள். ‘இந்த ஓட்டத்தை உடம்பு தாங்காது, கிட்ட வந்து இருங்கோ’ என்று டொக்டர் இரண்டு தரம் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் இரண்டறை வீடு ஒன்று பார்த்து வைத்தாயிற்று. அதன் சொந்தக்காரர் மாத முடிவு வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார். இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு. ஜெயனிதான் முதல் ஆளாக, “வில்லுங்கோ அப்பா” என்றாள்.

வாங்க வந்தவர் பெருநிலத்துப் பாப்பாமோட்டைப் பாலசிங்கத்தார். நெல்லுக்காரர். மகள் வேணுஜாவுக்குப் பேசாலைப் பக்கம் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. விற்பனை உறுதி எழுதவும் நாள் குறித்தார்கள்.

அங்கேதான் கிணறு குறுக்கே வந்தது.

எங்கள் தீவுக் கிணற்றுக்கு ஒரு சுபாவம் உண்டு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற கடல் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரிப் படர்ந்து நிற்கும். அந்த ஆடையை மெதுவாகக் கோலி எடுத்தால் நல்ல தண்ணீர். ஆழத் தோண்டி இழுத்தால் உவர் மேலே ஏறிவிடும். அதனால் யாகப்பரின் வாளிக் கயிற்றில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குக் கீழே வாளி இறங்காது. வீட்டடித் தெருவான அந்த ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை, கிணறுதான் எல்லாம்.

பெருநிலத்துக் கமக்காரருக்கு இது தெரிய நியாயமில்லை. புது வீட்டில் பால் காய்ச்சுமுன் பழைய தண்ணீரை அடி காணுமட்டும் இறைத்து, புது ஊற்றில் காய்ச்ச வேண்டும் என்பது பாலசிங்கத்தாரின் மனைவி சிவலட்சுமியின் கண்டிப்பு. யாகப்பரும் எடித்தும் வவுனியாவுக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெயனி மீன்பிடிச் சங்கக் கந்தோரில் வேலையாயிருந்த நேரம், மகன் அனோஜன் வயலுக்குப் பூட்டுகிற பம்பைக் கொண்டுவந்து முக்கால் மணித்தியாலத்தில் கிணற்றை வற்றடித்தான். முதலில் நல்ல தண்ணீர் வந்தது. பிறகு கலங்கல். பிறகு உவர். கடைசியில் குழாய் வழியாக ஒரு நண்டு உயிரோடு வந்து, அனோஜனுடைய இடக்கால் செருப்பைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனது. செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் பாலசிங்கத்தார் எடுத்த அழைப்பில் மூன்றே வசனம்.

“யாகப்பண்ணை, குறை நினையாதேங்கோ. உப்புக் கிணத்துக்குப் பிள்ளையை அனுப்பேலாது. நாங்கள் விலகுறம்.”

அன்றைக்குப் பிறகு ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளும் வீடு போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. பாத்திரங்கள் உரப்பைகளில் கட்டியபடி. அலுமாரி கழற்றியபடி, கதவு ஒரு சுவரில், உடல் ஒரு சுவரில். கட்டியதை அவிழ்க்க ஒருவருக்கும் கை வரவில்லை. அவிழ்த்தால் விற்பனை முறிந்தது என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஜெயனி ஒவ்வொரு நேரமும் உரப்பைக்குள் கைவிட்டுச் சட்டியை எடுப்பாள், சமைப்பாள், கழுவித் துடைத்துத் திரும்பக் கட்டி வைப்பாள்.

யாகப்பர் முதல் மூன்று நாளும் ஒருவரோடும் பேசவில்லை. நாலாம் நாள் கிணற்றோடு பேசினார். பேசியது என்ன என்பதை இங்கே அச்சிட முடியாது. ஐந்தாம் நாள் கிணற்றின் வாயைத் தென்னங்கிடுகால் மூடி, மேலே கல்லு வைத்து, “ஒரு சொட்டும் ஒருத்தரும் அள்ளப்படாது. அது ஆறட்டும்” என்றார். புண்ணுக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். வீட்டுத் தேவைக்குப் பக்கத்து வளவுச் செலீனாவின் கிணற்றில் அள்ளினார்கள்.

இன்று வியாழக்கிழமை.

காலை ஏழு மணிக்குக் கிடுகை விலக்கி, முடிச்சளவுக்கு வாளி விட்டு, தொட்டிக்குள் கொஞ்சம் ஊற்றினார். குடித்துப் பார்க்கப் பயம். ஊற்றிவிட்டு, மாமரத்தில் சாய்ந்து நின்றார்.

அந்தத் தொட்டியில் தினமும் குடிக்க வருகிற கழுதை ஒன்று உண்டு. கிணறு உவரான மறுநாள் அது தொட்டியை மணந்துவிட்டு, யாகப்பரை மேலும் கீழும் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டுப் போனது. பிறகு அந்த வளவுக்குள் கால் வைக்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் போகிற வழியில் யாகப்பரைக் கண்டபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இன்று அது படலையைத் தள்ளிக்கொண்டு வந்தது. மணந்தது. காதை ஆட்டியது. குடித்தது. தொட்டியின் அடி தெரியக் குடித்தது.

யாகப்பர் மாமரத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் கழுதைக்கு நன்றி சொல்லவில்லை. கைபேசியை எடுத்தார்.

“பாலசிங்கத்தார், தண்ணி திரும்பிட்டுது.”

அந்தப் பக்கம் வயற்காற்றோடு பாலசிங்கத்தாரின் குரல் வந்தது.

“அண்ணை, ஒருக்கா மனம் முறிஞ்சு போச்சு. ஆர் குடிச்சுப் பாத்தது?”

யாகப்பர் வெறும் தொட்டியைப் பார்த்தார். “எங்கடை... எங்களோடை கன காலம் பழகின ஒரு ஆள்.”

“ஆரெண்டாலும் பறவாயில்லை. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. எடித்தக்கா குடிச்சுச் சொல்லட்டும். எங்கடை மச்சான் தாழ்வுபாட்டிலை கிணறு வெட்டேக்கை அவவிட்டைத்தானே போத்தல் கொண்டுவந்தவர். ‘இன்னும் ஒரு முழம் இறக்கினியள் எண்டால் உவர்’ எண்டவ. அவர் கேக்காமல் ரெண்டு முழம் இறக்கி இப்பவும் அழுதுகொண்டிருக்கிறார். அவ நல்ல தண்ணி எண்டால் நான் நாளண்டைக்கே உறுதி எழுத வாறன். இண்டைக்கு நாலு மணிக்கு வீட்டை வந்து நிப்பன்.”

அவர் சொன்னதில் மிகை இல்லை. பேசாலையிலிருந்து தலைமன்னார் மட்டும் புதுக் கிணறு வெட்டுகிறவர்கள் முதல் தண்ணீரைப் போத்தலில் அடைத்து எடித்திடம்தான் கொண்டுவருவார்கள். ஒரு தரம் போத்தலை மாற்றி வைத்துச் சோதித்தபோது, “இது உங்கடை கிணத்துத் தண்ணி இல்லை, உங்கடை மாமியார் வீட்டுத் தண்ணி. அவவின்ரை வாளி துருப் பிடிச்சிருக்குது, மாத்தச் சொல்லுங்கோ” என்று சொல்லி அனுப்பினவள்.

யாகப்பர் உள்ளே ஓடினார். வாசலில் நின்றுவிட்டார். அறைக்குள் தாயும் மகளும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜெயனி, வவுனியாவுக்குப் போனால் உன்ரை வேலை?”

“அங்கை ஒண்டு தேடுவன்.”

“சரி. நீ எங்கை இருப்பாய்?”

“இதென்ன கேள்வி? உங்களோடைதான்.”

“நான் இல்லாட்டி?”

“அம்மா, காலமை வெள்ளனப் பேச்சு வாங்கப் போறீங்கள்.”

“அந்த ரெண்டறை வீடு நான் கிடந்து எழும்ப ஒரு கட்டில் இடம். எனக்குப் பிறகு அது உனக்கு ஒரு வீடே பிள்ளை? இது உனக்கெண்டு கட்டினது. அந்த நிலைக்கதவுக்கு நான் என்ரை சங்கிலியைக் கழட்டிக் குடுத்தனான்.”

“எனக்குக் கதவு வேண்டாம். நீங்கள் வேணும்.”



யாகப்பர் செருமிக்கொண்டு உள்ளே போனார். இந்தப் பேச்சு அவருக்கும் எடித்துக்கும் இடையில் ஆறு மாதமாக நடந்து முடிந்த பேச்சு. அவர் வென்றுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சேரும், தண்ணி திரும்பிட்டுது! பாலசிங்கத்தார் நாலு மணிக்கு வாறார். நீர் ஒரு வாய் குடிச்சுச் சொன்னால் போதுமாம், உறுதி எழுதுவினம்.”

ஜெயனி எழுந்துவிட்டாள். “என்ன அப்பா விளையாடுறீங்களோ? அம்மாவுக்கு நாளுக்கு அரை லீற்றர்தான் தண்ணி. உவராயிருந்தால் நாளைக்கு மெசினிலை படுக்கிற நேரம் ஆர் பதில் சொல்லுறது?”

“ஒரு வாய்தானே பிள்ளை. வாயிலை வைச்சுப்போட்டுத் துப்பினால்...”

“துப்பினால் தெரியாது,” என்றாள் எடித். “சொண்டு ஒண்டு சொல்லும், நாக்கு ஒண்டு சொல்லும். முடிவு சொல்லுறது தொண்டைதான்.” பிறகு மகளைப் பார்த்து, “மத்தியானக் குளிசையைத் தண்ணி இல்லாமல் விழுங்குறன். அந்த மிடறைக் கிணத்துக்குக் குடுப்பம்” என்றாள்.

“ஏனம்மா உங்களுக்கு இந்த வேலை?”

“கேட்டு வந்தவைக்குச் சொல்லத்தானே வேணும். ஊரெல்லாத்துக்கும் சொன்னனான்.”

மத்தியானம் அவள் குளிசையை வாயில் போட்டு, கண்ணை மூடி, வெறும் எச்சிலோடு விழுங்கியதை யாகப்பர் பார்த்தார். தொண்டையில் அது இறங்க நேரமெடுத்தது. அந்த நேரமெல்லாம் அவர் தன்னுடைய எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க மோட்டர்சைக்கிள் வந்து நின்றது. பாலசிங்கத்தார் முன்னாலும், மடியில் ஒரு அரிசிப் பையோடு சிவலட்சுமி பின்னாலும்.

“வாங்கோ, வாங்கோ. கதிரையிலை இருங்கோ,” என்றார் யாகப்பர்.

சிவலட்சுமி இருக்கவில்லை. எடித்தின் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள். “எங்கடை வயலிலை விளைஞ்ச மொட்டைக்கறுப்பன் அரிசி அக்கா,” என்று பையை வைத்தாள். வைத்த கை பையை விடவில்லை. “நான்தான் இறைக்கச் சொன்னனான். பழந்தண்ணியிலை பால் காய்ச்சக்கூடாதெண்டு...”

“உங்கடை ஊர் வழக்கம் உங்களுக்கு. இருங்கோ தங்கச்சி.”

எல்லோரும் கிணற்றடிக்கு வந்தார்கள். எடித்துக்கு ஜெயனி கதிரை கொண்டுவந்து போட்டாள். யாகப்பர் வாளியை விட்டார். முப்பது வருடம் வலை இழுத்த கை. இன்று அந்தச் சின்ன வாளியை அங்குலம் அங்குலமாக இறக்கியது. முடிச்சு கட்டுக்கு வந்ததும் நிறுத்தி, மேல்தண்ணீரைக் கோலி எடுத்தார்.

முதலில் அவரே ஒரு வாய் குடித்தார். “இளநீர்!”

பாலசிங்கத்தார் குடித்தார். நாக்கைப் புரட்டினார். “எனக்கு ஒரு கரிப்புத் தெரியுது அண்ணை.”

“உங்களுக்குப் பயத்திலை கரிக்குது.”

“உங்களுக்கு விக்கிற ஆசையிலை இனிக்குது.”

சிவலட்சுமி குடித்தாள். முதலில் இனிப்பு என்று தலையை ஆட்டினாள். புருசனைப் பார்த்தாள். பிறகு அவ்வளவு இனிப்பு இல்லை என்றும் ஆட்டினாள்.

வேலிக்கு மேலால் செலீனாவின் தலை தெரிந்தது. “இனிப்பு! நல்ல இனிப்பு!”

“நீங்கள் குடிக்கேல்லையே அம்மா?” என்றார் பாலசிங்கத்தார்.

“குடிக்கோணுமோ? இஞ்சை நிக்கவே மணக்குது. வித்துத் துலைச்சுப்போட்டு அவவைக் கூட்டிக்கொண்டு போகட்டும். செவ்வாயும் வெள்ளியும் அவ பஸ்ஸாலை இறங்கிற கோலத்தை நீங்கள் பாத்ததில்லை.”

செலீனாவின் தலை மெதுவாகக் கீழே இறங்கியது.

எடித் கையை நீட்டினாள்.

ஜெயனி சின்னக் கிளாசில் ஒரு மிடறு, அளந்து ஊற்றிக் கொடுத்தாள். எடித் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். உதட்டை நனைத்தாள். கொஞ்சம் பொறுத்தாள். வாய்க்குள் எடுத்தாள். கன்னம் ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் மாறியது. கண் மூடியது.

அப்போது காற்று நின்றது. பேசாலையில் காற்று நின்றது இது மூன்றாம் தரம். முதல் இரண்டு தரமும் எப்போது என்று பெரியவர்களுக்கே நினைவில்லை. அங்காலே கரை நீளத்துக்கு நிற்கிற காற்றாலைகளின் கைகள் பாதியில் நின்றன. கொடியில் கிடந்த யாகப்பரின் சாரம் தொங்கியது. தொண்டை அசைந்து தண்ணீர் இறங்கிய சத்தம் ஐந்து பேருக்கும் கேட்டது. வேலிக்கு அங்கால் நின்ற செலீனாவையும் சேர்த்தால் ஆறு.

யாகப்பர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைக் கடலிலிருந்து திரும்பும்போதெல்லாம் கரையில் தேடியிருக்கிறார். இவ்வளவு பயத்தோடு ஒருநாளும் பார்த்ததில்லை.

எடித் கண்ணைத் திறந்தாள். கிளாசை மகளிடம் கொடுத்தாள்.

“உவர்,” என்றாள்.

“எடித்!”

“உவர்தான். மேலுக்குத் தெரியாது. தொண்டையிலை நிக்குது.” பாலசிங்கத்தாரைப் பார்த்தாள். “இந்தக் கிணறு இனித் திரும்பாது தம்பி. பிள்ளைக்கு வேறை வீடு பாருங்கோ.”

“வடிவா யோசிச்சுச் சொல்லும்,” என்றார் யாகப்பர். “கழுதை குடிச்சதப்பா! தொட்டியின்ரை அடி தெரியக் குடிச்சது!”

பாலசிங்கத்தார் நிலத்தைப் பார்த்தார். காலையில் சொன்ன ஆள் யார் என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரியாதையை யாகப்பர் வாழ்நாளில் மறக்கமாட்டார்.

“வேறை ஆரும் எண்டால், தங்கடை வீடு விலைப்பட இனிப்பெண்டு சொல்லியிருப்பினம்,” என்றார் பாலசிங்கத்தார். “நீங்கள் உங்கடை உயிருக்கு எதிராச் சொல்லிப்போட்டியள் அக்கா. இதுக்கு மேலை நான் என்னத்தைக் கதைக்க?”

சிவலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நான் கெடுத்துப்போட்டன்...”

எடித் அவளுடைய கையை எட்டிப் பிடித்தாள். “இல்லைத் தங்கச்சி. கேளுங்கோ. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. இதை மனசிலை வைச்சு ஒருநாளும் அழாதேங்கோ. நான் சொல்லுறன், சரியோ?” இரண்டு தரம் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்லும்போது அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மோட்டர்சைக்கிள் ஒழுங்கையால் திரும்பிப் போனது. காற்று திரும்பவும் அடிக்கத் தொடங்கியது. அரிசிப் பை கட்டிலடியில் இருந்தது.

யாகப்பர் வாளியை எடுத்து மிச்சத் தண்ணீரை மணலில் ஊற்றினார். மணல் அதைக் குடித்ததைப் பார்த்தார். பிறகு கிணற்றுக் கட்டின் மேலே குந்தி, கைபேசியை எடுத்து, வவுனியா வீட்டுக்காரரின் இலக்கத்தைத் தேடி, விரலை அதற்கு மேலே பிடித்தபடியே கனநேரம் இருந்தார். அழைத்தால் அந்த வீடு போய்விடும். அழைக்காவிட்டால் நம்பி இருக்கிற மனிதரை ஏமாற்றியதாகும். மாத முடிவுக்கு இன்னும் பதின்மூன்று நாள்.

“ஆஸ்பத்திரியடியிலை ஒரு அறை வாடகைக்கு எண்டாலும் எடுப்பமப்பா,” என்றாள் ஜெயனி மெல்ல. “நான் சங்கத்திலை கடன் கேக்கிறன்.”

“கேள் பிள்ளை.” அவர் தலையை நிமிர்த்தவில்லை. “கேட்டுப் பார்.”

எடித் கதிரையிலிருந்து தானாக எழுந்தாள். சுவரைப் பிடித்து, நிலைக்கதவைப் பிடித்து, அறைவாசலில் ஒரு நிமிடம் நின்றாள்.

“இஞ்சேருங்கோ. நாளைக்கு வெள்ளி. மூண்டரைக்கு எழுப்பி விடுங்கோ, இல்லாட்டிப் பஸ்ஸை விட்டிடுவம்.”

“ம்.”

“கோபமோ?”

“உம்மிலை என்ன கோபம்? உம்மடை நாக்கு பொய் சொல்லாது. அதுதான் எனக்குக் கவலை.”

எடித் உள்ளே போனாள்.

அவளுடைய நாக்குக்கு உப்பும் சீனியும் ஒன்றாகிப் போய் அன்றோடு ஏழு மாதம்; அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.